பனி நிழலின் நீலம்

நாம் எடுத்த படத்தை இன்னொருவர் 'திருத்தி' நமக்கே திருப்பி அனுப்பினால் கோபம் வரவேண்டும். எனக்கு வந்தது கோபமில்லை, ஒரு நமைச்சல். உத்தராகண்டின் கேதார்கந்தா மலைக்குப் போய்வந்த படங்களைக் குழுவில் போட்டிருந்தேன். அதில் ஒன்றை நண்பன் எடுத்து, போனிலேயே நிறத்தை மாற்றும் ஸ்லைடர் கோட்டை இழுத்து, "இப்பப் பாரு மச்சி, பனி பனி மாதிரி இருக்கு" என்று போட்டான். வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. கூட வந்தவர்கள் எல்லாரும் அவன் கட்சி.

ஜூடா கா தாலாப் என்று வழியில் ஒரு சின்னக் குளம் வரும், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். சுற்றிலும் உயரமான மரங்கள். பிற்பகலில் குளத்தின் பாதி வெயிலிலும் பாதி மர நிழலிலும் இருந்தபோது எடுத்த படம் அது. என் படத்தில் நிழல்கள் நல்ல நீலம், பேனா மை லேசாகக் கரைந்த நீலம். அவன் திருத்தியதில் நிழல் சாம்பல் கலந்த வெள்ளையாகிவிட்டது. நிழலை வெள்ளையாக்கினால் வெயில் பட்ட பகுதி மஞ்சளேறும், வேறு வழியில்லை. அந்த மஞ்சளையும் அவன் உறிஞ்சி எடுத்திருந்தான். மிஞ்சியது சுத்தமான, வெள்ளையான, குளிரே இல்லாத ஒரு பனி. அதைப் பார்த்தால் அங்கே அன்று என்ன மணி என்றுகூடச் சொல்ல முடியாது.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஒன்று உறுத்தியது: அங்கே நின்றபோது எங்கள் யார் கண்ணுக்கும் நீலம் தெரியவில்லை. "ஐயோ, நிழலெல்லாம் நீலமா இருக்கே" என்று ஒருத்தரும் சொல்லவில்லை, நான் உட்பட. நினைவை வைத்துப் பார்த்தால் நண்பனின் படம்தான் நாங்கள் பார்த்ததற்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் என் படத்தை எதை வைத்து நான் உண்மை என்று பிடிவாதம் பிடிக்கிறேன்? கேமரா சொன்னது என்பதாலா?

கேதார்கந்தா பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. டேராடூனிலிருந்து, நடை தொடங்கும் சங்க்ரி கிராமம் வரைக்குமான நாள் முழுக்க நீளும் மலைச்சாலையைப் பற்றியும், கூடாரத்துக்குள் கிடைக்கும் ராஜ்மா சாதத்தைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். 12,500 அடி, குளிர்காலத்தில் ஏறக்கூடிய மலை, அதனால் கூட்டம். நான் எழுத நினைப்பது அந்த நீலத்தைப் பற்றி மட்டும்தான்.

கேமராவுக்கு வெள்ளை தெரியாது

பனியில் படமெடுக்கும் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது நிறத்தில் அல்ல, வெளிச்சத்தில். கேமராவின் ஒளிமானி உலகம் மொத்தமும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று நம்பிக்கொண்டு வேலை செய்கிறது. கல், மரம், மண், மனிதர்கள் என்றால் அந்த நம்பிக்கை ஏறக்குறையப் பலித்துவிடும். புதுப்பனியோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கேமரா பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைக்கிறது, பனி அழுக்கு வேட்டி நிறத்தில் பதிவாகிறது. அதனால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் ஒரு படி, வெயில் அடித்தால் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்கவேண்டும். வெள்ளை எரிந்துபோகிறதா என்பதை, படத்தின் வெளிச்ச அளவுகளை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமில் பார்க்கவேண்டும், திரையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கண்கூசும் பனிக்கு நடுவில் எந்தத் திரையும் இருட்டாகத்தான் தெரியும். பேட்டரியை உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வைப்பது, வெதுவெதுப்பான இடத்துக்குள் போகுமுன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுவது, இதெல்லாம் இரண்டாம் நாளே கையோடு பழகிவிடுகிறது. லென்ஸின் மேல் மூச்சு விடாமலிருப்பதுதான் கடைசிவரை பழகவில்லை.

வெளிச்சம் சரியான பிறகுதான் நிறம் தலைகாட்டும். பனிக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, மேலே விழுவதைத் திருப்பிக் கொடுக்கிறது. வெயில் படும் இடத்துக்குச் சூரியனிலிருந்து நேராக வெளிச்சம் வருகிறது. நிழலுக்குச் சூரியன் கிடையாது, மேலேயிருக்கும் வானம்தான் அதற்கு விளக்கு. வானம் நீலம், ஆகவே நிழலும் நீலம். ஊரில் மரத்தடி நிழலிலும் இதேதான் நடக்கிறது. செம்மண்ணும் தார் ரோடும் அந்த நீலத்தைத் தின்றுவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மேலே போகப்போகக் காற்றில் தூசி குறைந்து வானம் ஆழமான நீலமாவதால், பனிமலையில் இது இன்னும் கூடுதல். மேகம் மூடிய நாளில் நிழலே இருக்காது, நீலமும் இருக்காது, படமும் பெரும்பாலும் இருக்காது.

பனிக்கு இன்னொரு நீலமும் உண்டு. நடைக்கோலை ஆழமான பனியில் குத்தி எடுத்துவிட்டு அந்தக் குழிக்குள் எட்டிப் பாருங்கள், அடியில் மெல்லிய நீலம் தெரியும். அது வானத்திலிருந்து வந்ததல்ல. வெளிச்சம் பனித்துகள்களுக்குள் முட்டி மோதி நெடுந்தூரம் பயணிக்கும்போது பனிக்கட்டி சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடுகிறது, மிச்சம் வருவது நீலம். என் படத்தில் இருந்தது இந்த நீலமல்ல, வானத்தினுடையது. ஆனால் "பனின்னா வெள்ளைதானே" என்பவர்களிடம் முதலில் இந்தக் குழியைக் காட்டலாம்.

ஆக, அறிவியல் என் பக்கம். இதையெல்லாம் நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்டது: "சரி, அப்புறம் ஏன் நாம பாக்கல?" நியாயமான கேள்வி. அதற்கான பதில் எனக்கு ஏற்கெனவே மலையில் கிடைத்திருந்தது. பதில் என்று அப்போது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடியைக் கழற்றிய இடம்

உச்சி நாளில் இருட்டிலேயே ஏறத் தொடங்கினோம். மேலே நின்றால் கிழக்கே சுவர்க்காரோகிணி, காலாநாக், பந்தர்பூஞ்ச் என 6,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் வரிசை கட்டும். அவை கிழக்கே இருப்பதால் விடியும்போது அவற்றின் இருண்ட பக்கம்தான் நம்மைப் பார்க்கிறது, முகத்தில் வெயில் வாங்கும் நேரம் பிற்பகல். அப்போது உச்சியில் யாரும் இருப்பதில்லை, எல்லாரும் காலையிலேயே இறங்கிவிடுகிறார்கள். உச்சியில் நட்டிருக்கும் திரிசூலத்தோடு படமெடுக்க அன்று காலை ஒரு வரிசையே நின்றது. கொடி, பேனர், திருமணநாள் வாழ்த்துப் பலகை எல்லாம் வந்திருந்தன. எனக்கு அதில் குறையொன்றுமில்லை. அவ்வளவு தூரம் ஏறியவர்களுக்கு ஒரு படம் வேண்டும்தான்.

வெயில் ஏறியதும் எல்லோரும் கறுப்புக் கண்ணாடிக்கு மாறினோம். என்னுடையது கறுப்பல்ல, பழுப்பு, கொஞ்சம் மஞ்சள் சார்ந்த பழுப்பு. போட்ட புதிதில் உலகமே பழைய ஆல்பம் போலத் தெரிந்தது, பிறகு அது மறந்துபோனது. இறங்கும் வழி முழுக்கப் பனி எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. கண்ணில் பழுப்புக் கண்ணாடி இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் பல மணி நேரம் நடந்திருக்கிறேன்.

மரங்கள் தொடங்கும் எல்லைவரை இறங்கி, அதையும் தாண்டினால், மரங்களுக்கு நடுவே ஒரு மேகிக் கடை. தார்ப்பாய்க் கூரை, பனியை மிதித்துச் சமப்படுத்திய தரை, மரப்பலகை. நிழலில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு, வேர்வை ஆவி படிந்த கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினேன். எதிரே காட்டின் தரை முழுக்க நீலம். நீலம் சாயல் அடித்தது என்று சொல்லவில்லை. மரத்தடிகளுக்கு இடையே பனி நீலமாகவே கிடந்தது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் வெள்ளைத் தொப்பி நீலம், எவர்சில்வர் டம்ளரின் பளபளப்பு நீலம். சட்டென்று கேமராவைத் தேடினேன். எடுத்து, உறையைக் கழற்றி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் நீலம் பாதியாகியிருந்தது. எதுவும் நகரவில்லை, வெயில் மாறவில்லை, மேகம் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் வடிந்துகொண்டிருந்தது. பிடித்து நிறுத்த முயன்றேன். இது நீலம், இது நீலம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்தேன். பயனில்லை. டீ வந்தபோது பனி வெள்ளை.

கண்ணாடியை மறுபடி போட்டேன், எல்லாம் பழுப்பு. சில நிமிடங்கள் வேறு பக்கம் பேசிவிட்டுப் பார்த்தால் வெள்ளை. கழற்றினேன், நீலம், முதல் தடவை அளவுக்கு இல்லை. பிறகு வெள்ளை. "என்னடா கண்ணாடியைப் போட்டுப் போட்டுக் கழட்டுற?" என்று நண்பன் சிரித்தான். எங்கள் வழிகாட்டி, பக்கத்துக் கிராமத்து இளைஞர், சிரிக்கவில்லை. "சார்ஜி, வெயில்ல போகும்போது மட்டும் கழட்டாதீங்க, ராத்திரி கண்ணு எரியும்" என்று இந்தியில் எச்சரித்தார். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் கண் எரிந்து பார்வை மங்கும் பனிக்குருட்டைப் பார்த்தவர் அவர். அவருக்கு இந்த நீல விளையாட்டில் ஆர்வமில்லாமலிருந்தது நியாயம்தான்.

அந்த மேகிக் கடைப் பலகையில் நான் பார்த்தது என் கண்ணே படத்தைத் திருத்துவதை. வழக்கமாக அது வேலையை முடித்த பிறகுதான் நம்மிடம் நீட்டுகிறது. அன்று கண்ணாடி குழப்பிவிட்டதால் திருத்தும் வேலை கண்ணெதிரிலேயே நடந்தது. நண்பன் போனில் இழுத்த அதே கோட்டைக் கண் தினமும், நொடிக்கு நொடி, நம்மைக் கேட்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

அப்படியென்றால் அவன்தான் சரி என்றாகிவிடாதா? நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க இன்னொன்று பிடிபட்டது. கண் மொத்தக் காட்சியையும் சேர்த்துத்தான் சமன்செய்கிறது. நிழலைத் தனியாக, வெயிலைத் தனியாக முழுக்க வெளுப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் குறைந்தாலும் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. நீலம் என்று பெயர் சொல்லத் தோன்றாவிட்டாலும் வெயில் சூடாகவும் நிழல் குளிர்ச்சியாகவும் தெரிவதற்கு அந்த வித்தியாசமும் ஒரு காரணம். நண்பனின் திருத்தலில் அந்த உறவுதான் செத்துப்போனது. நிழல் வெள்ளை, வெயிலும் வெள்ளை, நடுவில் வெளிச்சத்தின் அளவு மட்டும் வேறு.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் இமயமலை

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலையில் நிற்கும்போது கண் மலையின் வெளிச்சத்துக்குப் பழகியிருக்கிறது. அதே காட்சியைப் படமாக வீட்டில் பார்க்கும்போது கண் வீட்டு வெளிச்சத்துக்குப் பழகியிருக்கிறது. கையகல போன் திரைக்காக அது தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. மஞ்சள் பல்பு எரியும் அறையில் உட்கார்ந்து பார்த்தால் நீலம் இன்னும் எடுப்பாக அடிக்கும். கேமரா ஒன்றும் பொய் சொல்லவில்லை. ஆனால் மலையில் தெரிந்ததைவிட அதிகமாக நீலம் தெரிவதும் பொய்யில்லை.

அம்மா இதை ஒரே வரியில் முடித்துவிட்டார். படத்தைக் காட்டியதும், "ஏண்டா, சொட்டு நீலம் அதிகமாப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். சிரித்தாலும் அந்த வரி என்னை விடவில்லை. துவைத்த வெள்ளைத் துணி நாளாக நாளாக மஞ்சளிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு நீலம் விட்டு அலசினால் அந்த மஞ்சளை நீலம் ஈடுகட்டி, பார்ப்பவர் கண்ணுக்குத் துணி வெளேரென்று ஆகிவிடும். நீலம் போடாத வேட்டி வெள்ளையில்லை, அதிகம் போட்ட வேட்டியும் வெள்ளையில்லை. அம்மா எந்த அளவுகோலும் வைத்துக்கொண்டதில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே போதும் என்று மூடியைத் திருகிவிடுவார்.

அதன்பிறகு நான் செய்வது அதுதான். கேமரா தன் திருத்தம் எதையும் பதிக்காமல் சேமிக்கும் RAW கோப்பாக எடுத்து, வெயில் பட்ட பனியை ஏறக்குறைய நடுநிலைக்குக் கொண்டுவந்து, நிழலில் மட்டும் நீலத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குகிறேன். முழுக்க எடுப்பதில்லை. இந்த வேலையை இரவில் செய்யாமல், பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்கிறேன். எவ்வளவு இறக்குவது என்பதற்கு எண் கிடையாது. மனிதர்கள் இருக்கும் படமென்றால் கணக்கே வேறு. நிழலில் நிற்பவரின் முகம் நீலம் பாய்ந்தால் பார்க்கச் சகிக்காது. மலைக்குப் பொருந்தும் நிறம் மாமாவின் முகத்துக்குப் பொருந்தாது. அங்கே பனியை விட்டுவிட்டு முகத்தைக் காப்பாற்றுகிறேன்.

இப்போதைய போன்கள் இதையெல்லாம் நம்மிடம் விடுவதில்லை. விடியலுக்கு முன் உச்சி ஏறும்போது, தலைவிளக்குகள் வரிசையாகப் புள்ளி வைத்துப் போவதை ஒருவர் போனில் எடுத்துக் காட்டினார். காலை பத்து மணி போல இருந்தது. பனி வெள்ளை, எல்லார் ஜாக்கெட்டின் நிறமும் தெளிவு. இருட்டு எங்கே போனது என்று கேட்டேன். "நைட் மோட் சார், சூப்பரா எடுக்கும்" என்றார் பெருமையாக. அந்த நேரத்தின் நீலத்தை மட்டும் நான் தொடுவதேயில்லை. அங்கே ஈடுகட்ட வெயில் என்று ஒன்று கிடையாது, அந்த நீலம்தான் வெளிச்சமே.

கண்ணாடித் தகடுகளின் காலம்

இந்தச் சண்டை நமக்கு முன்னாலேயே நடந்து முடிந்தது என்பதுதான் வேடிக்கை. 1860களில் சாமுவேல் பார்ன் என்ற ஆங்கிலேயர் சிம்லாவிலிருந்து கிளம்பி இமயமலைக்குள் மூன்று பெரும் பயணங்கள் போனார். 1866இல் ஸ்பிதிக்கும் கின்னௌருக்கும் இடையே மணிரங் கணவாயில், 18,600 அடி உயரத்தில் படமெடுத்தார். அந்தக் காலத்து முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன்னே கழுவியும் முடிக்கவேண்டும். அதற்காக இருட்டுக் கூடாரத்தையே மலைமேல் தூக்கிக்கொண்டு போகவேண்டும். தூக்கியவர்கள் டஜன் கணக்கான சுமைகூலிகள், தகடுகளில் அவர்கள் பெயர் கிடையாது. நான் பேட்டரி குளிர்கிறது என்று புலம்புவதை அவர்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தகடுகளுக்கு ஒரு குணம் உண்டு. அவை நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டும்தான் மசியும், சிவப்பு என்ற ஒன்று உலகில் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. அதனால் நீலவானம் அச்சில் வெறும் வெள்ளையாக வரும். வெள்ளைச் சிகரம், பின்னால் வெள்ளை வானம், நடுவில் கோடு தேடவேண்டும். வானம் ஒளியேற்றிய பனி நிழல்களும் அந்தத் தகட்டுக்கு இருட்டல்ல. கேமரா காட்டுவதே நிஜம் என்று சொல்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்கவேண்டும். கேமராவுக்கும் ஒரு பழுப்புக் கண்ணாடி எப்போதும் மாட்டப்பட்டிருக்கிறது, காலத்துக்குக் காலம் நிறம் மட்டும் மாறுகிறது.

1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசமிட்டியில் ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் பனியில் ஏறி, ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்றபோது இதைத் தலைகீழாகச் செய்தார். முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்று எடுத்தார், திருப்தியில்லை. மிச்சமிருந்த தகட்டில் அடர்சிவப்பு ஃபில்டரைப் போட்டு எடுத்தார். சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுத்துவிடும், வானம் ஏறக்குறைய கறுப்பாக வந்தது. அன்று அங்கே வானம் கறுப்பாக இல்லை. அந்தப் படத்தைப் பொய் என்று யாரும் சொன்னதும் இல்லை. என் நண்பனிடம் இதைச் சொன்னேன். "அவரு ஆன்சல் ஆடம்ஸ், நீ நீதான்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஹாலில் மாட்ட ஒரு படம்

போன மாதம் அந்தக் குளத்துப் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு ஹாலில் மாட்டலாம் என்று கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் திரையில் பார்த்ததும், "நிழல்ல நீலம் அடிக்குது, கரெக்ட் பண்ணிடட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு தாள்களில் சின்னத் துண்டு அடித்துக் கொடுத்தார். ஒரே கோப்பு, ஒரே மெஷின். ஒன்றில் வெயில் பட்ட பனி பளீரென்று வெள்ளை, இன்னொன்றில் லேசாக மஞ்சள் தட்டியது. மஞ்சள் தட்டியது காட்டன் தாள், விலையும் கூட. ஏன் இப்படி என்று கேட்டேன். வெள்ளையாகத் தெரிந்த தாளில் பிரைட்னர் கலந்திருக்கிறது என்றார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பிவிடும் ரசாயனம் அது. தாளின் மஞ்சளை அந்த நீலம் ஈடுகட்டுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறதாம். அதாவது தாளுக்கும் சொட்டு நீலம் போட்டுத்தான் விற்கிறார்கள்.

இரண்டையும் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பிரைட்னர் தாள் அங்கே இன்னும் வெள்ளை. காட்டன் தாள்தான் நெடுநாள் நிறம் மாறாது, பிரைட்னர் வருடங்கள் போகப்போக வலுவிழந்து தாள் மஞ்சளிக்கும் என்று கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். பிறகு நீலம் போட்ட தாளையே எடுத்துக்கொண்டேன், பனி அதில்தான் வெள்ளையாக இருந்தது.